யுங்கர்ஸ் எஃப் 13: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய விமானங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ரைட் சகோதரர்களில் தொடங்கி நேராக டக்கோட்டா என்ற அமெரிக்கப் பயணிகள் விமானத்துக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில், 1919இல் ஜெர்மனியில் பிறந்த ஒரு சின்ன விமானம் இருக்கிறது. அதன் படத்தைக் காட்டினால் எல்லோரும் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். அடிப்படைக் கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

யுங்கர்ஸ் எஃப் 13ன்னா என்னங்க? பேரே கேள்விப்பட்டதில்லையே?

நான்கு பயணிகள், இரண்டு பணியாளர்கள், ஒற்றை என்ஜின். இறக்கை முதல் வால் வரை முழுக்க உலோகம். ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில் 1919 ஜூன் 25 அன்று முதன்முதலாகப் பறந்தது. ஓட்டியவர் எமில் மோன்ஸ். வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஓட்டோ ராய்ட்டர் என்ற பொறியாளர். நிறுவனம் ஹூகோ யுங்கர்ஸ் என்பவருடையது.

நீளம் பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இறக்கையின் மொத்த அகலம் முதலில் 15 மீட்டருக்குப் பக்கம் இருந்தது, பின்னால் வந்தவற்றில் 17.75 மீட்டர் வரை நீட்டினார்கள். முதல் விமானத்தில் இருந்தது சுமார் 160 குதிரைத்திறன் மெர்சிடிஸ் என்ஜின். அடுத்து 185 குதிரைத்திறன் பி.எம்.டபிள்யூ. கடைசியில் யுங்கர்ஸ் நிறுவனமே செய்த எல் 5 வகை, 300 குதிரைத்திறனைத் தாண்டியது. 1930களின் தொடக்கம் வரை 300க்கும் மேற்பட்ட விமானங்கள் செய்தார்கள். அந்தக் காலத்துப் பயணிகள் விமானத்துக்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை.

உலகத்தோட முதல் பயணிகள் விமானம் இதுதானா?

இல்லை. 1914இலேயே அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் டாம்பாவுக்கும் இடையே ஒரு பறக்கும் படகு கட்டணம் வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றியது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு பயணிதான். ரஷ்யாவில் சிகோர்ஸ்கி செய்த இலியா முரோமெத்ஸ் விமானத்தில் அதே காலத்தில் பயணிகளுக்குத் தனி அறையே இருந்தது. போர் வந்ததும் அது குண்டுவீச்சு விமானமாகிவிட்டது.

எஃப் 13க்கு உரிய பெருமை வேறு. பயணிகளுக்காகவே வெள்ளைத்தாளிலிருந்து வரையப்பட்டு, தொழிற்சாலையில் வரிசையாகச் செய்யப்பட்ட முதல் முழு உலோக விமானம் அது. 1919இல் லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே பறந்தவற்றில் பெரும்பாலானவை போர் விமானங்கள். துப்பாக்கி இருந்த இடத்தில் இருக்கை போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்த யுங்கர்ஸ் யாரு? பைலட்டா?

இல்லை. 1859இல் ரைட் என்ற ஊரில் பிறந்த இயந்திரப் பொறியாளர் அவர். முதலில் பணம் சம்பாதித்தது குளியலறை வெந்நீரில். எரிவாயுவில் தண்ணீர் சூடாக்கும் கருவிகளைச் செய்வதற்காக 1895இல் டெஸ்ஸாவில் தொடங்கியதுதான் அவருடைய நிறுவனம். ஆகன் தொழில்நுட்பப் பல்கலையில் பேராசிரியராகவும் இருந்தார். விமானத்துக்குள் வந்தபோது வயது ஐம்பதை எட்டியிருந்தது.

வெந்நீர்த் தொட்டி செய்தவருக்கு மெல்லிய தகட்டை வளைக்கவும் இணைக்கவும் தெரியும். எஃப் 13இன் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். விமானம் செய்தவர்களில் பெரும்பாலோர் தச்சு வேலையிலிருந்தோ சைக்கிள் பட்டறையிலிருந்தோ வந்தவர்கள். அவர்கள் கைக்கு மரமும் துணியும்தான் பழக்கம். இவர் கைக்குத் தகடு.

எல்லாரும் மரம், துணின்னு செஞ்சப்போ இவர் மட்டும் ஏன் உலோகத்துக்குப் போனாரு? கனமா இருக்காதா?

கனம்தான். 1915 டிசம்பரில் பறந்த அவருடைய முதல் உலோக விமானம் ஜே 1 இரும்புத் தகட்டில் செய்யப்பட்டது. அதற்குத் 'தகரக் கழுதை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வேகமாகப் பறந்தது, ஆனால் மேலே ஏறத் திணறியது.

அதற்கு விடையாக வந்தது டியூராலுமின். ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானிய உலோகவியலாளர் 1900களில் கண்டுபிடித்த கலவை. அலுமினியத்தோடு நான்கு சதவீதம் அளவுக்குச் செம்பு, கொஞ்சம் மக்னீசியம், மாங்கனீசு. சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்ததும் மிருதுவாக இருக்கும். அப்படியே விட்டுவிட்டால் சில நாட்களில் தானாகவே இறுகும். இதனால் பட்டறையில் ஒரு கட்டாயம் வந்தது. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளைச் சூடேற்றிக் குளிர வைத்த சில மணி நேரத்துக்குள் அடித்து முடித்தாக வேண்டும். தாமதித்தால் ஆணியின் தலை விரிசல் விடும்.

ஆனால் உலோகத்தை அவர் தேர்ந்தெடுத்ததற்குப் பலம் மட்டும் காரணமில்லை. மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் வெடிக்கும், பசை விட்டுப்போகும், துணி தொய்யும். அந்த விமானத்தைக் கொட்டகைக்குள் வைத்துக் காப்பாற்ற வேண்டும். தினமும் பறந்து காசு சம்பாதிக்க வேண்டிய விமானம் மழையிலும் பனியிலும் வெளியே நிற்க வேண்டியிருக்கும். எஃப் 13 நின்றது.

அந்தத் தகடு ஏன் நெளிநெளியா இருக்கு? அழகுக்கா?

அழகுக்கு இல்லை. நம் ஊரில் கொட்டகைக்குப் போடும் தகரக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். சமதளத் தகட்டை ஒரு கையால் வளைத்துவிடலாம், நெளிவு விழுந்த தகட்டை அந்த நெளிவுக்குக் குறுக்கே வளைப்பது கடினம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான டியூராலுமின் தகட்டை விறைப்பாக்க யுங்கர்ஸ் பிடித்த வழி இது. நெளிவுகள் முன்னிருந்து பின்னாக, காற்று ஓடும் திசையிலேயே அமைந்திருக்கும்.

குறையும் உண்டு. நெளிவு இருப்பதால் காற்றில் உரசும் பரப்பு அதிகம். இறக்கை மேல் காற்று எப்போதும் நேராக ஓடுவதுமில்லை. வேகம் குறைவாக இருந்தவரை இது பெரிதாகத் தெரியவில்லை. பின்னால் தெரிந்தது. அந்தக் கதையை 'ஏன் நிறுத்தினாங்க' என்ற கேள்வியில் சொல்கிறேன்.

அந்தக் காலத்து விமானம்னா ரெண்டு அடுக்கு இறக்கை, நடுவுல கம்பி, கட்டைன்னு பார்த்திருக்கேன். இதுல ஒண்ணுமே இல்லையே, இறக்கை எப்படி நிக்குது?

படத்தைப் பார்த்ததும் இதைக் கேட்பவர்கள் சரியான இடத்தைப் பிடித்துவிடுகிறார்கள். எல்லாம் உள்ளே இருக்கிறது. யுங்கர்ஸ் 1910இலேயே காப்புரிமை வாங்கிய யோசனை அது. இறக்கையைத் தடிமனாக்கு, தாங்கும் சட்டகத்தை அதற்குள் வை. தடித்த இறக்கை காற்றை அதிகம் தடுக்கும் என்பதுதான் அன்று பலருடைய நம்பிக்கை. வெளியே தொங்கும் கம்பிகளும் கட்டைகளும் தரும் தடையோடு ஒப்பிட்டால் தடித்த இறக்கையே மேல் என்று காற்றுச் சுரங்கச் சோதனைகள் அவருக்குக் காட்டின.

எஃப் 13 இறக்கைக்குள் ஒன்பது டியூராலுமின் குழாய்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. அவற்றைச் சாய்வுக் கட்டைகள் ஒன்றோடொன்று பிணைக்கின்றன. மேலே நெளிதகடு. இறக்கையின் நடுப்பகுதி உடலோடு சேர்ந்தது. இரண்டு பக்கமும் வரும் வெளி இறக்கைகளைக் கழற்றி மாட்டலாம். ஒவ்வொரு குழாயின் முனையிலும் உருண்டையான தலை, எதிர்ப்பக்கம் அது உட்காரும் குழி, மேலே ஒரு பெரிய மரை. மரையை இறுக்கினால் இறக்கை பூட்டிக்கொள்ளும்.

இதைச் சாதாரண வசதி என்று கடந்து போகாதீர்கள். இறக்கையைக் கழற்றி, பெட்டியில் அடைத்து, கப்பலில் ஏற்றி, எங்கோ ஒரு ஆற்றங்கரையில் திரும்ப மாட்ட முடிந்ததால்தான் இந்த விமானம் இத்தனை நாடுகளுக்குப் போனது.

இறக்கை ஏன் கீழே இருக்கு? மேலே இருந்தா ஜன்னல்ல நல்லா தெரியுமே?

பார்வைக்கு மேல் இறக்கை நல்லதுதான். ஆனால் அன்று என்ஜின்கள் அடிக்கடி நின்றன, வயல்வெளியில் அவசரமாக இறங்குவது வழக்கமான காரியம். அப்படி மோதும்போது கீழே இருக்கும் பலமான இறக்கை முதல் அடியை வாங்கிக்கொள்ளும், பயணிகள் அதற்கு மேலே இருப்பார்கள். யுங்கர்ஸ் இதைத் தெரிந்தேதான் செய்தார்.

உள்ளே உக்கார்ந்தா எப்படி இருக்கும்?

நான்கு பேருக்கு இடம். முன்னால் இரண்டு தனி நாற்காலிகள், பின்னால் இரண்டு பேர் உட்காரும் மெத்தை இருக்கை. இரண்டு பக்கமும் கதவு, பெரிய கண்ணாடி ஜன்னல்கள், விளக்கு, வெப்பமூட்டும் வசதி. இருக்கைகளில் இடுப்புப் பட்டையும் இருந்தது. அதே ஆண்டில் மற்ற விமானங்களில் போன பலர் தோல் கோட்டும் காற்றுத்தடுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு காற்றில் உட்கார்ந்திருந்தார்கள். எஃப் 13இல் அன்றாட உடையில் ஏறி, அதே உடையில் இறங்கலாம்.

சத்தம் மட்டும் சொல்லி மாளாது. என்ஜின் சில அடி தூரத்தில், நடுவில் இருப்பது மெல்லிய தகடு. விமானம் தாழ்வாகப் பறக்கும் என்பதால் வெயில் நேரத்தில் குலுக்கலும் வாந்தியும் சகஜம்.

அப்போ பைலட் மட்டும் ஏன் மேலே திறந்த இடத்துல உக்கார்ந்து நனையணும்?

முகத்தில் அடிக்கும் காற்றை வைத்தே விமானம் பக்கவாட்டில் வழுக்குகிறதா என்று கண்டுபிடித்துப் பழகியவர்கள் அன்றைய விமானிகள். கருவிகள் சொற்பம். ரயில் பாதையையும் ஆற்றையும் பார்த்துப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்தார்கள், மழை பெய்தால் எதிரே உள்ள கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. பின்னால் வந்த எஃப் 13களில் விமானிக்கும் கூரை வந்தது.

ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்ட்ஹான்சாவின் முதல் பெண் விமானியான மார்கா ஃபான் எட்ஸ்டார்ஃப் 1920களின் பிற்பகுதியில் துணை விமானியாகப் பறந்தது எஃப் 13இல்தான்.

ஜெர்மனி போர்ல தோத்துடுச்சு, விமானம் செய்யவே கூடாதுன்னு தடை போட்டாங்களே? அப்புறம் எப்படி?

எஃப் 13 முதலில் பறந்தது ஜூன் 25. போரை முடித்துவைத்த வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது ஜூன் 28. மூன்றே நாள் இடைவெளி. ஒப்பந்தத்தின்படி ஜெர்மனி சில மாதங்களுக்கு எந்த விமானமும் செய்யக் கூடாது. நேச நாடுகள் அந்தத் தடையை நீட்டித்துக்கொண்டே போயின. பயணிகள் விமானம்தானே என்ற வாதம் எடுபடவில்லை, பறிமுதலும் நடந்தது. 1922 மே மாதம்தான் வேகத்துக்கும் சுமைக்கும் உச்சவரம்பு வைத்து அனுமதித்தார்கள். அந்த வரம்புகள் விலகியது 1926இல்.

தடை எஃப் 13ஐ ஒருவிதத்தில் காப்பாற்றியது என்பது என் கருத்து. பெரிதாக, பல என்ஜின் வைத்துச் செய்ய வழியில்லாததால், கையில் இருந்த இந்தச் சின்ன விமானத்தையே திருத்தித் திருத்தி மெருகேற்றினார்கள். உள்நாட்டில் விற்க முடியாததால் வெளிநாடு தேடி ஓடினார்கள்.

போர் முடிஞ்சு சும்மா கிடந்த விமானமே ஆயிரக்கணக்குல இருந்திருக்குமே? அதை மலிவா வாங்காம இதை ஏன் வாங்கினாங்க?

நல்ல கேள்வி, யுங்கர்சுக்குத் தூக்கத்தைக் கெடுத்ததும் இதுதான். காசு கொடுத்து வாங்க ஆள் குறைவு. அதனால் அவர் வாங்குபவர்களையே உருவாக்கினார். ஒரு நாட்டில் விமான நிறுவனம் தொடங்க ஆசைப்பட்டவர்களுக்கு விமானத்தையும் விமானியையும் மெக்கானிக்கையும் அனுப்புவார். விலைக்குப் பதிலாக அந்த நிறுவனத்தில் பங்கு எடுத்துக்கொள்வார்.

பின்லாந்தின் ஏரோ நிறுவனம் 1923இல் அப்படித்தான் பிறந்தது. 1924 மார்ச்சில் ஹெல்சின்கியிலிருந்து கடலைத் தாண்டித் தாலினுக்கு அதன் முதல் விமானம் போனது, அது எஃப் 13. இன்றைய ஃபின்ஏர் அதுதான். ஸ்வீடனிலும் அதே ஆண்டில் எஃப் 13களோடு விமானச் சேவை தொடங்கியது. பொலிவியாவில் 1925இல், நாடு விடுதலை பெற்ற நூற்றாண்டுக்கு அங்கிருந்த ஜெர்மானியர்கள் ஒரு எஃப் 13ஐப் பரிசளித்தார்கள். கடல் மட்டத்திலிருந்து 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோச்சபாம்பாவில் அந்த ஒற்றை விமானத்தோடு நாட்டின் விமான நிறுவனம் தொடங்கியது. ஈரானிலும் யுங்கர்சின் கிளை 1920களில் தபாலும் பயணிகளும் கொண்டுபோனது.

ஜெர்மனிக்குள் யுங்கர்சின் சொந்த விமானப் போக்குவரத்து நிறுவனமும் போட்டி நிறுவனமான ஏரோ லாய்டும் 1926 ஜனவரியில் இணைந்து லுஃப்ட்ஹான்சா ஆயின. அதன் தொடக்க காலப் பறவைகளில் பெரும் பங்கு எஃப் 13கள்தான்.

கொலம்பியாவுல இதை மிதவை போட்டு ஓட்டினாங்கன்னு படிச்சேன். ஏன் அங்கே?

மக்தலேனா ஆறுதான் காரணம். கரீபியன் கடலோரம் இருக்கும் பர்ரான்கியா துறைமுகத்திலிருந்து தலைநகர் போகோட்டா பக்கம் போக, நீராவிப் படகில் சுமார் 1,000 கிலோமீட்டர் ஆற்றின் மேல்நோக்கிப் போக வேண்டும். ஒரு வாரம் ஆகும், ஆற்றில் தண்ணீர் வற்றினால் இரண்டு வாரமும் தாண்டும். மணல்திட்டில் படகு மாட்டிக்கொண்டால் மழை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

1919 டிசம்பரில் பர்ரான்கியாவில் உள்ளூர் வணிகர்களும் ஜெர்மானியர்களும் சேர்ந்து ஸ்காட்டா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெட்டிகளில் வந்த எஃப் 13களுக்குச் சக்கரத்துக்குப் பதில் மிதவை மாட்டினார்கள். மேலே சொன்ன மரைப் பூட்டு இங்கேதான் கைகொடுத்தது. ஓடுபாதை எதுவும் தேவையில்லை, ஆறே ஓடுபாதை. ஆனால் வெப்பமண்டல வெயிலில் என்ஜின் தண்ணீர் கொதித்தது. ஐரோப்பியக் குளிருக்குச் செய்த ரேடியேட்டர் போதவில்லை. அதைச் சரிசெய்த பிறகுதான் பயணம் ஒழுங்குக்கு வந்தது. ஒரு வாரப் பயணம் ஏழெட்டு மணி நேரமானது. தபால் கொண்டுபோக அந்த நிறுவனம் தன் பெயரிலேயே தபால்தலை அச்சிட்டது. அதன் தொடர்ச்சிதான் இன்றைய அவியான்கா. இன்றும் பறக்கும் மிகப் பழைய விமான நிறுவனங்களில் ஒன்று.

காட்டுக்குள்ள புரொப்பல்லர் செஞ்சு பறந்தாங்கன்னு ஒரு கதை சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். நடந்தது கனடாவின் வடமேற்கில், 1921இல். நார்மன் கோட்டைப் பக்கம் எண்ணெய் கிடைத்ததும் இம்பீரியல் ஆயில் நிறுவனம் இரண்டு எஃப் 13களை வாங்கியது. அமெரிக்காவில் லார்சன் என்பவர் ஜேஎல்-6 என்ற பெயரில் விற்றவை இவை. ஒன்றுக்கு 'விக்', இன்னொன்றுக்கு 'ரெனே' என்று பெயர். விமானிகள் ஜார்ஜ் கோர்மன், எல்மர் ஃபுல்லர்டன். மார்ச் கடைசியில், அடியில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு வடக்கே கிளம்பினார்கள். ஃபோர்ட் சிம்ப்சன் என்ற குடியிருப்பில் இறங்கியபோது தொடங்கியது தொல்லை. அடுத்தடுத்து நடந்த விபத்துகளில் இரண்டு விமானங்களின் புரொப்பல்லர்களும் உடைந்தன. மாற்றுப் பொருள் வர வேண்டுமானால் பனி உருகிப் படகு வர வேண்டும்.

மெக்கானிக் பில் ஹில்லும், அங்கே இருந்த வால்டர் ஜான்சனும் வேலையில் இறங்கினார்கள். ஜான்சன் மரவேலை தெரிந்தவர். பனிச்சறுக்கு வண்டி செய்ய வைத்திருந்த ஓக் பலகைகளை எடுத்து, மூஸ் மானின் தோலைக் காய்ச்சி எடுத்த பசையால் அடுக்கடுக்காக ஒட்டினார்கள். உடைந்த புரொப்பல்லரை அளவாக வைத்துக்கொண்டு, கத்தோலிக்க மிஷன் பட்டறையில் செதுக்கி இழைத்தார்கள். இரண்டு பக்கமும் எடை ஒன்றாக இல்லாவிட்டால் புரொப்பல்லர் சுற்றும் அதிர்விலேயே என்ஜின் கழன்றுவிடும். அதையும் சரிபார்த்து மாட்டினார்கள். ஏப்ரல் 24 அன்று 'விக்' அந்தப் புரொப்பல்லரோடு எழும்பி, தெற்கே போய்ச் சேர்ந்தது.

பலர் இதைச் சாகசக் கதையாக மட்டும் படிக்கிறார்கள். எனக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது. அந்தக் குளிரில் வாரக்கணக்கில் வெளியே கிடந்த விமானத்தின் உடம்புக்கும் இறக்கைக்கும் எதுவும் ஆகவில்லை. பழுதானது மரத்தால் செய்த பாகம்தான்.

பாதுகாப்பா இருந்துச்சா? உண்மையைச் சொல்லுங்க.

அன்றைய அளவுக்கு நல்ல விமானம், இன்றைய அளவுக்கு ஆபத்தானது. அமெரிக்கத் தபால் துறை 1920இல் வாங்கிய ஜேஎல்-6 விமானங்களில் எரிபொருள் குழாய் கசிந்து தீப்பிடித்தது. அந்தத் துறையின் முதல் விமானியான மேக்ஸ் மில்லரும் உடன்சென்ற மெக்கானிக்கும் 1920 செப்டம்பர் 1 அன்று நியூ ஜெர்சியில் அப்படித்தான் இறந்தார்கள். உடம்பு உலோகம் என்பதால் தீ அண்டாது என்று எண்ணக் கூடாது. கொலம்பியாவில் 1924 ஜூனில் ஒரு எஃப் 13 விழுந்து, ஸ்காட்டாவை நிறுவியவர்களில் ஒருவரான எர்னஸ்டோ கோர்ட்டிசோசும் தலைமை விமானி ஹெல்முத் ஃபான் க்ரோனும் பலியானார்கள். பர்ரான்கியா விமான நிலையத்துக்கு இன்று இருப்பது கோர்ட்டிசோசின் பெயர்.

விமானவியலில் தடம் பதித்த விபத்து, 1930 ஜூலை 21 அன்று இங்கிலாந்தின் மீயப்பாம் கிராமத்தில் நடந்தது. பிரான்சின் லே தூக்கேயிலிருந்து குராய்டனுக்கு வந்துகொண்டிருந்த எஃப் 13 மேகத்துக்குள் உடைந்து சிதறியது. ஆறு பேரும் இறந்தனர். பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் காரணம் தேடியபோது, இறக்கையிலிருந்து கிளம்பிய சுழல்காற்று வால் இறக்கையைத் தொடர்ந்து அடித்து உலுக்கி முறித்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த ஆய்வறிக்கையை மக்கள் படிக்க வெளியிட்டார்கள். அதுவரை அப்படி ஒரு வழக்கம் பிரிட்டனில் இல்லை. வால் அதிர்வைப் பற்றிய ஆராய்ச்சியும் அங்கிருந்து வேகமெடுத்தது.

உயரத்துல உலக சாதனை பண்ணுச்சுன்னு சொல்றாங்க, ஆனா சாதனைப் பட்டியல்ல காணோமே?

1919 செப்டம்பர் 13 அன்று எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு 6,750 மீட்டர் உயரம் போனது. ஓட்டியவர் மேலே சொன்ன மோன்ஸ்தான். போரில் தோற்றுப்போன ஜெர்மனி சர்வதேச விமானவியல் கூட்டமைப்பில் அப்போது இல்லை, அதனால் பதிவேட்டில் ஏறவில்லை.

நம்ம மெட்ராசுக்கு முதல்ல வந்த தபால் விமானமும் இந்த மாதிரி உலோகம்தானா?

இல்லை. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்து, அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராசுக்குக் கொண்டுவந்த தபால் வந்தது டி ஹாவிலண்ட் புஸ் மாத் என்ற பிரிட்டிஷ் விமானத்தில். எஃகுக் குழாய் உடம்பு, மர இறக்கை, மேலே துணி. எஃப் 13 பிறந்து பதிமூன்று ஆண்டு கழித்தும் துணி விமானம்தான் பெரும்பாலும் ஓடியது. அது மலிவு, எந்த ஊரிலும் பழுது பார்க்கலாம். உலோகம் ஒரே நாளில் வென்றுவிடவில்லை.

யுங்கர்ஸ்னா ஹிட்லரோட ஸ்டூக்கா குண்டுவீச்சு விமானம் செஞ்சவர்தானே? அவரை ஏன் புகழணும்?

நிறுவனமும் ஆளும் இங்கே வேறு. நாஜிகள் 1933இல் ஆட்சிக்கு வந்ததும் அவரைக் குறிவைத்தார்கள். மிரட்டிக் காப்புரிமைகளையும் பெரும்பான்மைப் பங்குகளையும் எழுதி வாங்கினார்கள், வீட்டுக்காவலில் வைத்தார்கள், டெஸ்ஸாவுக்குள் நுழையக் கூடாது என்றார்கள். 1935 பிப்ரவரி 3, தன் 76ஆவது பிறந்தநாளில், மியூனிக் அருகே காவுட்டிங்கில் இறந்துபோனார். ஸ்டூக்கா அதே ஆண்டில், அவர் போன பிறகு முதன்முதலாகப் பறந்தது.

அதற்காக அவர் போரோடு தொடர்பே இல்லாதவர் என்றும் சொல்ல முடியாது. முதல் உலகப் போரில் ராணுவத்துக்கு விமானம் செய்தார். 1920களில் மாஸ்கோ அருகே ஃபிலியில், ஜெர்மன் ராணுவத்தின் ரகசிய ஏற்பாட்டில் தொழிற்சாலை நடத்தினார். அது பெரும் நஷ்டத்தில் முடிந்தது. அரசு கைகொடுக்கவில்லை. கடனை ஈடுகட்டப் பங்குகளைக் கொடுக்க வேண்டிவந்து, அதனால்தான் விமானப் போக்குவரத்து நிறுவனம் அவர் கையைவிட்டுப் போய் லுஃப்ட்ஹான்சாவுக்குள் கலந்தது. பயணிகள் விமானத்தில் அவர் காட்டிய அக்கறையையும் இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இவ்வளவு நல்ல விமானம்னா ஏன் நிறுத்தினாங்க? இன்னைக்குப் பறக்குற விமானத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

நான்கு பேரை ஏற்றிக்கொண்டு லாபம் பார்க்க முடியாது என்பது முதல் காரணம். யுங்கர்சே அதைப் பெரிதாக்கி, ஜி 24 என்ற மூன்று என்ஜின் விமானமும், 1930களில் புகழ்பெற்ற யு 52உம் செய்தார். எஃப் 13இலிருந்து வளர்ந்த சரக்கு விமானம் டபிள்யூ 33. அந்த வகையில் ஒன்றான 'பிரேமன்' 1928 ஏப்ரலில் அயர்லாந்திலிருந்து கிளம்பி, ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கப் பக்கம் இடையில் எங்கும் இறங்காமல் அட்லாண்டிக்கைத் தாண்டிய முதல் விமானமானது.

இரண்டாவது காரணம் முன்பு சொன்ன நெளிதகடு. வேகம் கூடக் கூட அதன் உரசல் செலவு வைத்தது. வழவழப்பான தகட்டையே சுமை தாங்க வைக்கும் முறையை ஜெர்மனியில் ரோர்பாக் வளர்த்தார். 1933இல் பறந்த பயணிகள் விமானமான போயிங் 247இலும் அந்த முறைதான் இருந்தது. எஃப் 13இல் வளைவைத் தாங்கியது முக்கியமாக உள்ளே இருந்த குழாய்கள். இன்றைய விமானத்தில் மேல்தோலே எலும்பாகவும் வேலை செய்கிறது.

ஆகவே இன்றைய விமானத்தின் தோல் எஃப் 13இலிருந்து வரவில்லை. கீழே பொருத்திய, வெளித்தாங்கல் இல்லாத தடித்த இறக்கை, மூடிய அறை, முழு உலோக உடம்பு என்ற சேர்க்கை வந்தது.

நேர்ல பார்க்க முடியுமா? இப்பவும் பறக்குதா?

பழையவை சில அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. மியூனிக்கின் டாய்ட்ஷஸ் மியூசியம், பாரிசை ஒட்டிய லே பூர்ஜே விமான அருங்காட்சியகம், ஸ்டாக்ஹோமின் தொழில்நுட்ப அருங்காட்சியகம் ஆகியவற்றில் பார்க்கலாம். போனால் இறக்கை உடலோடு சேரும் இடத்தின் அடியில் குனிந்து பாருங்கள், நெளிவுகளின் ஓட்டமும் ரிவெட் வரிசையும் அங்கே நன்றாகத் தெரியும்.

பறப்பது புதிதாகச் செய்த ஒன்று. நெளிவு போட்ட பெட்டிகளுக்குப் பெயர்போன ரிமோவா நிறுவனம் செலவை ஏற்க, அளவு மாறாமல் கட்டி எழுப்பி, 2016 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் டியூபென்டார்ஃப் தளத்திலிருந்து பறக்கவிட்டார்கள். என்ஜின் மட்டும் பழைய யுங்கர்ஸ் அல்ல. நம்பி ஓட்டக்கூடிய, உதிரிபாகம் கிடைக்கக்கூடிய அமெரிக்க பிராட் அண்ட் விட்னி வட்ட என்ஜினைப் பொருத்தியிருக்கிறார்கள். அதனால் மூக்கு அசல் படங்களில் இருப்பதைவிட வட்டமாக இருக்கும். பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து இது போலியா என்று கேட்பவர்களுக்கு விடை அதுதான்.